பத்து கிலோ பை

எங்கள் சித்தியிடமிருந்து மேகங்கள்கூடத் தப்ப முடியாது. எந்த மேகம் எந்த மலைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார். மலையேறுபவர்களுக்கு வழிகாட்டுவதுதான் அவர் வேலை. மழைக்காலம் வந்தால் மற்றவர்கள் குடையைத் தேடுவார்கள். சித்தி வரைபடத்தைத் தேடுவார்.

இந்த மழைக்காலத்தில் உயரமான ஒரு கணவாய்க்கு வீட்டு ஆட்களைக் கூட்டிப்போவதாகச் சித்தி சொன்னார். மழை பெய்தால்தான் அங்கே பூ பூக்குமாம். போகிறவர்கள் நான்கு பேர்: சித்தி, என் அப்பா, பெரியப்பா, மேல்மாடிப் பல் டாக்டர். எனக்குப் பத்து வயதுதான் என்பதால் இடமில்லை. அழுது பார்த்தேன். சித்தி கண்ணைத் துடைத்துவிட்டு, கையில் ஒரு கடிகாரத்தைக் கொடுத்து, பயிற்சிக்கு நேரம் பார்ப்பவளாக என்னை ஆக்கிவிட்டார். அன்றிலிருந்து எல்லோரும் என்னைக் 'கடிகாரம்' என்றே கூப்பிட்டார்கள்.

சித்தி போட்ட திட்டம் எங்கள் கூடத்துச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தது. விடியும் முன்பே நடக்க வேண்டும். மதியம் மழை வருவதற்குள் கூடாரத்துக்குள் போய்விட வேண்டும். உயரத்தில் காற்று மெல்லியது என்பதால் ஒரு நாள் சும்மா உட்கார்ந்து உடம்பைப் பழக்க வேண்டும். பருத்திச் சட்டை நனைந்தால் காயாது, அதனால் அது கூடாது. நான் வாயைப் பிளந்துகொண்டு படித்தேன். ஒருவர் தலைக்குள் இவ்வளவும் எப்படி அடங்குகிறதோ!

ஒரு வரியின் கீழ் மட்டும் சிவப்புக் கோடு இருந்தது. மூன்றாம் நாள் ஓர் ஓடை வருகிறது. காலையில் முழங்கால் அளவுதான் தண்ணீர் ஓடும். மதியம் மழை கொட்டினால் ஆளையே அடித்துக்கொண்டு போய்விடும். காலை பத்து மணிக்குள் நான்கு பேரும் அதைத் தாண்டியாக வேண்டும்.

அந்த வேகம் இருக்கிறதா என்று பார்க்கச் சித்தி ஒரு தேர்வு வைத்தார். முதுகில் பத்து கிலோ பையோடு, எங்கள் கட்டடத்தின் ஏழு மாடியையும் பத்து முறை ஏறி இறங்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள். திங்கட்கிழமையே நான்கு பைகளையும் எடை போட்டு, எங்கள் கூடத்தில் வரிசையாக வைத்துவிட்டார்.

பைகளைத் தைத்தவர் என் அப்பா. அவர் தையல்காரர். சித்தி கூட்டிப்போகும் ஆட்களுக்குப் பதினைந்து வருடமாக மழைச்சட்டை தைத்துக் கொடுக்கிறார். ஆனால் ஒரு மலையையும் நேரில் பார்த்ததில்லை. போகலாம் என்று சித்தி சொன்ன நாளில், அப்பா ஒரே சட்டைக்கு இரண்டு முறை பட்டன் தைத்தார். அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமை பயிற்சி நடந்தது. பல் டாக்டர் ஐம்பத்தைந்து நிமிடத்தில் முடித்தார். பெரியப்பா ஐம்பத்தெட்டு. சித்தியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அப்பா வந்து சேர்ந்தபோது என் கடிகாரத்தில் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அத்தனைக்கும் அவர் மழையில் நனையவில்லை.

நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்தால் இப்படித்தான் என்று பெரியப்பா சொன்னார். சித்தி சிரிக்கவில்லை. அப்பாவின் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"மாமா, நாளைக்கு இன்னொரு தடவை பாக்கலாம். அப்பவும் முடியலன்னா உங்களை நான் கூட்டிட்டுப் போக முடியாது. ஓடை நமக்காகக் காத்திருக்காது."

"சரிம்மா," என்றார் அப்பா. அவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

எல்லோரும் போன பிறகு, அப்பாவின் பையை உள்ளே எடுத்து வைக்கப் போனேன். பை அசையவே இல்லை. பத்து கிலோவை நான் இழுத்தாவது நகர்த்துவேனே என்று சந்தேகம் வந்து, திறந்து பார்த்தேன்.

மேலே பெரியப்பாவின் மடக்கு நாற்காலி. அதன் கீழ் அவருடைய மூட்டுவலித் தைலம், பெரிய பாட்டில். அப்புறம் எட்டு பேட்டரி போடும் பல் டாக்டரின் டார்ச். அதற்கும் கீழே, நம்பினால் நம்புங்கள், சித்தியின் தடிமனான கயிறு. எடை போட்ட பிறகு ஒவ்வொருவரும் வந்து, இது ஒன்றுதானே, சின்னதுதானே என்று அப்பாவிடம் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர் கொடுத்தது யாருக்கும் தெரியாது.

அடியில் இன்னொன்று இருந்தது. என் இரும்பு யானை. மலை உச்சியில் வைத்து அதைப் படம் எடுத்து வரச் சொல்லி, செவ்வாய்க்கிழமை நான்தான் கொடுத்திருந்தேன். எனக்கு முகம் சுட்டது.

அப்பா வந்து நின்றார்.

"ஏம்ப்பா யார்கிட்டயும் சொல்லல?"

"ஆசையாக் குடுத்தாங்க. திருப்பிக் குடுத்தா முகம் வாடிடும். நீயும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது, சரியா?"

சத்தியம் வாங்காமல் அவர் விடவில்லை. சத்தியம் செய்த பிறகு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. சொன்னால் சத்தியம் போகும். சொல்லாவிட்டால் அப்பாவின் மலை போகும். என் யானையையாவது எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் என் தப்பை மட்டும் ஒளித்து வைத்துவிட்டு மற்றவர்களை மாட்டிவிடுவது சரியில்லை என்று தோன்றியது. பேசாமல் போய்ச் சுவரில் இருந்த திட்டத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சித்தியைப் போல யோசித்துப் பார்த்தேன்.

ஞாயிறு காலை எல்லோரும் படிக்கட்டடியில் கூடினார்கள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. நான் கையைத் தூக்கினேன்.

"சித்தி, வழுக்குற பாதையில ஒருத்தருக்குக் கால் சுளுக்கிடுச்சுன்னா, அவங்க பையை யார் தூக்குவாங்க?"

"கூட வர்றவங்கதான்."

"அப்போ அதையும் பழகிப் பாக்கணும்ல? இன்னைக்கு ஒருத்தர் பையை இன்னொருத்தர் மாத்தித் தூக்கிக்கலாமே."

சித்தி என்னைப் பார்த்தார். பிறகு கையில் வைத்திருந்த திட்டத்தின் நகலைப் பார்த்தார். இது எனக்கே தோன்றவில்லையே என்று சொல்லி, பேனாவை எடுத்து அதில் எழுதிக்கொண்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பெரியப்பாவுக்கு அப்பாவின் பை கிடைத்தது. அவர் ஒரு கையால் அலட்சியமாகத் தூக்கப் பார்த்தார். பை தூக்கவிடவில்லை. இரண்டு கையாலும் தூக்கி மாட்டிக்கொண்டு, முதல் மாடி வரை போய், அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவரிடமிருந்து அந்தப் பையை வீரமாக வாங்கிக்கொண்ட பல் டாக்டர் இரண்டாம் மாடியில் சுவரைப் பிடித்தபடி நின்றார்.

சித்தி பையை இறக்கித் திறந்தார்.

நாற்காலி வந்தது. பெரியப்பா ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்க்க ஆரம்பித்தார். டார்ச் வந்தபோது பல் டாக்டர் அசடு வழிந்தார். கயிறு வந்ததும் சித்தி அதைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். கடைசியில் வந்த யானையை நானே போய் வாங்கிக்கொண்டேன்.

"நேத்து இத்தனையும் சுமந்துக்கிட்டா பத்து தடவை ஏறினீங்க, மாமா?" என்றார் சித்தி. "எங்க யாராலயும் முடியாது. தப்பு என்மேலதான். ஒரு தடவை எடை போட்டதோட விட்டுட்டேன்."

அங்கேயே திட்டத்தில் ஒரு வரி சேர்த்தார். இனி தினமும் காலையில் பைகளை எடை போட வேண்டும், தலைவியின் பையை முதலில் போட வேண்டும். தன் தப்பைத் தானே எழுதிச் சுவரில் ஒட்டும் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? சித்தி எனக்கு இன்னும் உயரமாகத் தெரிந்தார்.

அதன் பிறகு அவரவர் பத்து கிலோ பையோடு எல்லோரும் ஏறினார்கள். அப்பா படி ஏறியதைப் பார்த்திருக்க வேண்டும். ஐம்பத்திரண்டு நிமிடம்! என் கடிகாரம் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துக் கேட்டேன். ஓடையில் அப்பாதான் முன்னால் நடக்க வேண்டும் என்று சித்தி அப்போதே சொல்லிவிட்டார்.

பெரியப்பா மட்டும் மடக்கு நாற்காலியோடு நின்றுகொண்டிருந்தார். அதைத் தன் பைக்குள் நுழைத்துப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகு மெல்ல அப்பாவின் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, இது ஒண்ணே ஒண்ணுதான்..."

நாங்கள் எல்லோரும் அப்பாவின் வாயையே பார்த்தோம். அவர் ஒருமுறை எச்சில் விழுங்கினார்.

"முடியாதுண்ணா," என்றார். "மலையில உக்கார நிறைய பாறை இருக்கு."

பெரியப்பாவின் முகம் வாடவில்லை. அவர்தான் முதலில் சிரித்தார். அப்பா யாரிடமாவது 'முடியாது' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ஏழு மாடி ஏறியதைவிட அவருக்கு அதுதான் அதிகமாக மூச்சு வாங்கியது.