கடித்தால் கூவும் பெட்டி

கடிகாரமோ, பூட்டோ, பேனாவோ, எது கையில் கிடைத்தாலும் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அவள் மறுவேலை பார்ப்பாள். ஆதலால் வீட்டார் அவளுக்கு இட்ட செல்லப் பெயர் ‘குடைச்சல்’.

அவளுடைய அண்ணனுக்குக் ‘கடி’ என்று பெயர். அவன் சொல்லும் நகைச்சுவைகளைக் கேட்டு நொந்தவர்கள் வைத்த பெயர் அது.

ஒரு விடுமுறை நாள் காலையில், அப்பா பழைய பொருள்கள் விற்கும் கடையிலிருந்து ஒரு பழுப்பு நிறப் பெட்டியை வாங்கி வந்தார். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. அதன் தலையில் ஒரு பள்ளம். பள்ளத்தில் ஒரு சின்னஞ்சிறு சக்கரம்.

“தூண்டில் கம்பை இந்தப் பள்ளத்துல சாய்ச்சு வைக்கணும். நூல் சக்கரத்து மேல ஓடும். மீன் கடிச்சு இழுத்தா சக்கரம் சுத்தும், பெட்டி கத்தும்,” என்ற அப்பா, சக்கரத்தை விரலால் தள்ளினார்.

“பீப்!”

“நான் கடிச்சா நீங்க கத்துறீங்க. மீன் கடிச்சா பெட்டி கத்துது. அவ்வளவுதானே?” என்றான் அண்ணன்.

“ஐயோ, காலையிலேயே ஆரம்பிச்சிட்டான்!” என்று அப்பா காதைப் பொத்திக்கொண்டார்.

பெட்டி பெரியம்மாவுக்காக வாங்கியது. கீழ்த்தளத்தில் குடியிருந்த பெரியம்மாவுக்குத் தூண்டில் போடுவது என்றால் உயிர். ஆனால் சில காலமாக அவர் கண்கள் வெளிச்சத்தைத் தாங்கவில்லை. வெயிலில் வந்தால் எல்லாம் வெள்ளையாகப் போய்விடும். ஏரித் தண்ணீரோ கண்ணாடிபோல் மின்னும். தூண்டிலின் தக்கை ஆடுகிறதா, அமிழ்கிறதா என்று தெரியாமல் அவர் ஏரிக்குப் போவதையே விட்டுவிட்டார்.

“இனிமே அக்கா தக்கையைப் பார்க்க வேண்டாம். காதாலயே மீன் பிடிக்கலாம்,” என்றாள் அம்மா.

மறுநாள் காலை எல்லோரும் ஏரிக்குப் போவதென்று முடிவாயிற்று. செய்தி கேட்ட பெரியம்மா அந்த நிமிடமே பரணிலிருந்து தூண்டில் கம்பை இறக்கித் துடைக்கத் தொடங்கிவிட்டாராம்.

அப்பா மின்தூக்கி பழுதுபார்ப்பவர்; விடுமுறை நாளிலும் அவருக்கு அழைப்பு வரும். அவர் வேலைக்குக் கிளம்பிப் போனதும், குடைச்சலின் விரல்கள் சும்மா இருக்கவில்லை. சக்கரம் சுற்றினால் பெட்டி ஏன் கத்த வேண்டும்? சக்கரத்துக்கும் சத்தத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது?

அவள் பெட்டியையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு, வெளிச்சம் நன்றாக விழும் பால்கனியில் போய் உட்கார்ந்தாள். திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினாள்.

“அண்ணா! உள்ளே ஒரு குட்டி மின்விசிறி இருக்கு!”

அண்ணன் எட்டிப் பார்த்தான். “பாவம், பெட்டிக்கு வேர்க்குமோ என்னவோ!”

சக்கரத்தின் அச்சில் விசிறியைப் போலவே மெல்லிய இறக்கைகள் இருந்தன. அவற்றின் ஒரு பக்கம் மிளகைவிடச் சிறிய சிவப்பு விளக்கு. எதிர்ப்பக்கம் கண்ணாடிப் பொட்டு ஒன்று. சக்கரத்தைச் சுற்றினால் இறக்கைகள் விளக்குக்கும் பொட்டுக்கும் நடுவே புகுந்து புகுந்து போயின.

“விளக்கு பொட்டைப் பார்க்குது. இறக்கை வந்து மறைக்குது,” என்று அவள் முணுமுணுத்தாள். “ஒவ்வொரு தடவை மறைக்கும்போதும் கத்துமோ?”

மறுபடி சுற்றினாள். சத்தம் இல்லை.

இன்னும் வேகமாகச் சுற்றினாள். மூச்சுப் பேச்சில்லை.

சுவர்க் கடிகாரத்துப் பேட்டரியைக் கழற்றி வந்து மாற்றிப் பார்த்தாள். கடிகாரம் நின்றதுதான் மிச்சம். சிவப்பு விளக்கு எரியத்தான் செய்தது. கம்பி எதுவும் அறுந்திருக்கவும் இல்லை.

“பேசாம மூடி வச்சிடு. யாருக்குத் தெரியப் போகுது?” என்றான் அண்ணன்.

“அப்பா என்ன சொல்லுவாரு? ‘சரி பண்ணாம மூடி போட்டா, பழுதை உள்ளே வச்சுப் பூட்டுன மாதிரி’ன்னு சொல்லுவாருல்ல? நான் மூட மாட்டேன்.”

உள்ளே இன்னும் தெளிவாகத் தெரியட்டும் என்று அவள் பெட்டியை வெயிலுக்கே நகர்த்தினாள். கைவிளக்கையும் அடித்துப் பார்த்தாள். பெட்டி வாயைத் திறக்கவே இல்லை.

அப்போது வாசலில் குரல் கேட்டது. “எங்கடீ என் குடைச்சல்? பெட்டியைக் கொண்டா, கம்பு அதுல சரியா உக்காருதான்னு பார்ப்போம்!”

பளபளவென்று துடைத்த தூண்டில் கம்போடு பெரியம்மா நின்றுகொண்டிருந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

குடைச்சல் திருப்புளியைக் கீழே வைத்தாள். “பெரியம்மா… நான் அதைத் திறந்துட்டேன். இப்ப அது கத்த மாட்டேங்குது.”

பெரியம்மா திட்டவில்லை. கம்பை மெல்லச் சுவரோரம் சாய்த்து வைத்தார். “சரி, விடு கண்ணு. இல்லேன்னா என்ன, இத்தனை நாள் போகாம இருந்தவதானே நான்,” என்றார்.

நாலு அடி அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திராது.

“எங்க இருக்கு? காட்டு, நானும் தொட்டுப் பார்க்கிறேன்,” என்று பெரியம்மா பால்கனிக்குள் கால் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெயில் அவர் முகத்தில் அடித்தது. கண்கள் சுருங்கின. கைகள் காற்றில் துழாவின.

குடைச்சல் எழுந்து ஓடி, எக்கி நின்று, தன் உள்ளங்கையை அவர் நெற்றியின்மேல் குடைபோல் பிடித்தாள். பெரியம்மாவோடு வெளியே போகும்போதெல்லாம் அவள் அப்படிச் செய்வது வழக்கம்.

“அப்பாடா! இப்பத்தான் உன் மூஞ்சி தெரியுது,” என்றார் பெரியம்மா. “வெளிச்சம் அதிகமானா எனக்கு அதுவும் இருட்டுதான்டீ.”

குடைச்சலின் கை அங்கேயே நின்றது. கண் மட்டும் பெட்டியின் பக்கம் திரும்பியது. அங்கே அந்தக் கண்ணாடிப் பொட்டு வெயிலில் தகதகவென்று மின்னிக்கொண்டிருந்தது.

“பெரியம்மா! அதுக்கும் கண் கூசுது!”

“எதுக்குடீ?”

“பெட்டிக்கு! அந்தப் பொட்டுதான் அதோட கண்ணு. இவ்வளவு வெயில்ல அந்தக் குட்டி விளக்கு அதுக்கு எப்படித் தெரியும்? விளக்கே தெரியலைன்னா, இறக்கை வந்து மறைக்கிறது மட்டும் எப்படித் தெரியும்?”

அவள் பெரியம்மாவை நிழலில் உட்கார வைத்துவிட்டு ஓடினாள். கைவிளக்கை அணைத்தாள். பெட்டியின்மேல் உள்ளங்கையைக் குவித்து, ஒளி புகாமல் மூடினாள். மறுகையால் சக்கரத்தைத் தள்ளினாள்.

“பீப்!”

கையை எடுத்தாள். ஊமை. மூடினாள். “பீப்! பீப்!”

“அடடே! திறந்து பார்த்தா பேசாது. மூடிட்டா வாய் ஓயாது. சரியான பெட்டிடீ!” என்று பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

“நான்தான் அப்பவே மூடி வைக்கச் சொன்னேனே!” என்றான் அண்ணன்.

“நீ மறைக்கிறதுக்குச் சொன்னே. நான் புரிஞ்சுக்கிட்டு மூடுறேன்!” என்று அவள் திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினாள். மார்பின்மேல் இருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்தாற்போல் இருந்தது. பெரியம்மா சுவரோரம் சாய்த்திருந்த கம்பை மறுபடி கையில் எடுத்துக்கொண்டதைப் பார்த்தபோது, அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மறுநாள் காலை ஏரிக்கரை மரநிழலில், அகலமான தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு பெரியம்மா அமர்ந்திருந்தார். கம்பு பெட்டியின்மேல் சாய்ந்திருந்தது. தண்ணீர் மட்டும் கரையில் சளக், சளக் என்றது.

“பீப்!”

பெரியம்மா நிமிர்ந்தார். “டேய், உன் கடியா?”

“சத்தியமா நான் வாயே திறக்கலை பெரியம்மா!”

“பீப்! பீப்! பீப்!”

“அப்படின்னா மீன்தான்!” என்று பெரியம்மா கம்பைச் சுண்டித் தூக்கினார்.

நூலின் நுனியில் ஒரு மீன் துள்ளியது. பெட்டியைவிட அதிகமாகக் கூவியவள் குடைச்சல்தான்.