பத்துக்குக் கீழே

நேர்காணலுக்கு இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தபோது உலகம்மை ஒரு கண்ணாடிச் சாடிக்குள் மூக்கை வைத்திருந்தாள். சாடியில் ஒன்பது நாள் பழைய சாளை மீன். அவள் நெற்றியில் ஒட்டியிருந்த அருவருப்புமானி நான்கு என்று காட்டியது.

அருவருப்புமானி தபால்தலை அளவுள்ள ஒரு பட்டை. மூக்கின் இருபுறத் தசை சுருங்குவதையும் தோல் வியர்ப்பதையும் மூளையின் உள்மடிப்பில் எழும் மின்னலைகளையும் சேர்த்துப் படித்து ஓர் எண்ணாகச் சொல்லும். முகத்தை அடக்கலாம், எண்ணை அடக்க முடியாது. மருத்துவ உதவியாளர் படிப்பில் சேர அந்த எண் பத்துக்குக் கீழே நிற்க வேண்டும்.

பயிற்சி மைய ஆசிரியர் சகாயம் அடுத்த சாடியைத் திறந்தார். பின் பெஞ்சில் இரண்டு பையன்கள் முறுக்கு தின்றபடி தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். ஒருவன் முறுக்கைச் சாடிக்குள் முக்குவதுபோல் பாவனை செய்தான். மற்றவன் சிரித்தான். உலகம்மையின் எண் பதிமூன்றுக்குப் போனது.

சகாயம் பெருமூச்சு விட்டார். "மீனுக்கு நாலு, மனுசனுக்குப் பதிமூணு. ஒனக்கு இதான் வியாதி, பிள்ள."

அவர் சொன்னது உண்மை. அவள் விலங்கியல் படித்தவள். மூன்று வருடங்களாக ஒரு சிறிய கிளினிக்கில் புண்களுக்குக் கட்டுப் போடுகிறாள். சீழும் புழுவும் அவளை ஒன்றும் செய்ததில்லை. ஆனால் முதல் நேர்காணலில், நோயாளியின் கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தேர்வாளர் ஒருவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக் கொண்டிருந்தார். அவளுக்குப் பதினொன்று வந்தது. இரண்டாம் முறை பன்னிரண்டு. வயது வரம்பு இருபத்து நான்கு. நாளை மறுநாள் காலைக்குப் பிறகு அவளால் விண்ணப்பிக்கவே முடியாது.

மானி வந்த கதை எல்லோருக்கும் தெரியும். மார்பில் ஆறாத புண்ணோடு ஒரு பெண் சுகாதார நிலையத்துக்கு வந்தாள். உதவியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் சேலையை இழுத்து மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள், பிறகு எந்த மருத்துவமனைக்கும் போகவில்லை. இனி ஒரு நோயாளியும் அப்படித் திரும்பிப் போகக் கூடாது என்றுதான் மானியைச் செய்தார்கள். உலகம்மைக்கும் அது நியாயமாகவே பட்டது.

பயிற்சிதான் குமட்டியது. சாக்கடை வண்டலை விரலால் அளைந்தபடி பாடம் ஒப்பிப்பார்கள். வாந்தியின் வாடை கொண்ட பொடியைக் கைக்குட்டையில் தூவி நாள் முழுக்க வைத்திருப்பார்கள். இரண்டு மாதத்தில் அவளுக்கு ஒன்று புரிந்தது. வீட்டில் நூல் விட்டுப்போன தயிரை அவள் சோற்றில் பிசைந்து பாதிவரை தின்றிருந்தாள். அம்மா வந்து தட்டைப் பிடுங்கும்வரை அது கெட்டது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நேர்காணல் அறை வெள்ளையாக இருந்தது. மூன்று தேர்வாளர்கள். நடுவில் தலைவர், டாக்டர் அமலோற்பவம். கனிவான குரல், நேர்த்தியாகக் கட்டிய கைத்தறிப் புடவை. நடுநிலைக்காகத் தேர்வாளர்களும் பட்டை அணிய வேண்டும் என்பது விதி. சுவரில் அவர்களுடைய எண்கள் ஒளிர்ந்தன. இரண்டு, ஒன்று, இரண்டு. நாட்டிலேயே குறைந்த எண் உள்ளவர்களைத்தான் தேர்வாளர்களாக வைப்பார்கள். நான்காவதாக உலகம்மையின் எண். மூன்று.

கட்டிலில் சுடலைமுத்து என்ற முதியவர் படுத்திருந்தார். உப்பளத்தில் வேலை பார்த்தவர். சர்க்கரை நோய். வலது காலின் புறப்பாதத்தில் கட்டு. அதைப் பிரித்து, கழுவி, புதுக்கட்டுப் போட வேண்டும். அதற்கிடையில் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் படிப்பு எதற்கு என்று தலைவர் கேட்டார். உலகம்மை ஷேர் ஆட்டோவில் இறங்கும் இடத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தம்வரை போய் நடந்து திரும்புகிறவள். ஆனால் இந்தப் பதிலை மூன்று வருடமாக வைத்திருந்தாள்.

"டாக்டர் வரதுக்கு முன்னால நோயாளி பேசற ஆள் நாங்கதான் மேடம். அவங்க சொல்றத மொதல்ல கேக்கற ஆளா இருக்கணும்."

மூவரும் குறித்துக்கொண்டார்கள். எண் மூன்றிலேயே இருந்தது.

அவள் கட்டைப் பிரித்தாள். இனிப்பும் அழுகலும் கலந்த வாடை வந்தது. முதியவர் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார்.

"நாத்தம் அடிக்கா தாயி?"

"இல்ல ஐயா."

"பொய் சொல்லுத. நல்ல பிள்ள." அவர் சிரித்தார். "காலுல உணர்ச்சியே கெடையாது. தீய வச்சாலும் தெரியாது. காலைல ஏழு மணிக்குத் திரை போட்டுச் சுத்தம் பண்ணுதாவ. நல்லா கவனிக்காவ, குத்தம் சொல்லப்படாது. இந்தப் புண்ணுதான் பிடிவாதம். எனக்கும் இதுக்கும் தாலி கட்டுன மாதிரி, விட்டுப் போவமாட்டேங்கு."

இரண்டு மாதத்தில் பேத்திக்குக் கல்யாணம், செருப்புப் போட்டு நடந்து போய் உட்கார வேண்டும் என்பது ஒன்றுதான் தன் ஆசை என்றும் சொன்னார். உலகம்மை தலையாட்டியபடி உப்புநீரில் நனைத்த பஞ்சால் புண்ணைத் துடைத்தாள். நடுவிலிருந்து ஓரத்துக்கு வந்தாள். புண்ணைச் சுற்றி ஊதா மையில் ஒரு மெல்லிய கோடு போட்டிருந்தார்கள்.

அவள் கை நின்றது. குனிந்து, அந்தக் கோட்டின் ஓரத்தை விளக்கில் பார்த்தாள். பஞ்சால் மெல்ல ஒற்றிவிட்டு மறுபடி பார்த்தாள். பிறகு கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்தாள். முதல் நாள், புண்ணின் நீளம் நான்கு புள்ளி இரண்டு சென்டிமீட்டர். இரண்டாம் நாள், நான்கு புள்ளி இரண்டு. பத்தொன்பது நாளும் நான்கு புள்ளி இரண்டு.

சுவரில் அவள் எண் ஏழானது. பத்தொன்பது. நாற்பத்தொன்று. அறுபத்தாறில் நின்று துடித்தது.

ஓரத்தில் இருந்த தேர்வாளர் பேனாவை மூடினார். முதியவர் எண்ணைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார். போர்வையை இழுத்துக் காலை மூடப் பார்த்தார். "மன்னிச்சிரு தாயி," என்றார்.

அது அவளுக்குத் தாங்கவில்லை. அவர் கையைப் பிடித்துப் போர்வையை விலக்கினாள். புண்ணின் மீது புதுத்துணியை வைத்து, நிதானமாக, கடைசி முடிச்சுவரை கட்டி முடித்தாள். எண் அறுபத்தாறிலிருந்து இறங்கவில்லை.

தலைவர் கோபப்படவில்லை. எத்தனை நல்ல கை, என்று பாராட்டினார். பிறகு விளக்கினார். ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோயாளி இருந்தாராம். சின்னப் புண் கிடைத்தவர்களுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று வழக்குப் போட்டார்களாம். அதனால் இப்போது எல்லோருக்கும் ஒரே புண்.

"அளவு, ஆழம், வாடை, எதுவும் மாறாது. மாறினா அநியாயம். ஒனக்கு முன்னாடி நானூத்திப் பன்னெண்டு பேர் இதே புண்ணைத் தொட்டிருக்காங்க. அதுல முந்நூத்தித் தொண்ணூறு பேருக்குப் பத்துக்குக் கீழ."

"அவங்கள்ல ஒருத்தர்கூட ஒண்ணும் கேக்கலையா மேடம்?"

"என்ன கேக்கணும்?"

உலகம்மை கால்மாட்டு அட்டையை மறுபடி பார்த்தாள்.

தலைவர் படிவம் ஒன்றை முன்னால் தள்ளினார். எண் திடீரென்று ஏறினால் மறுதேர்வுக்கு விதி இருந்தது. வாடையால் ஏறியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். மாலையில் மறுபடி கட்டைப் பிரிக்கலாம், இன்னொரு தரம் இந்த மாதிரி ஆகாது.

"வாடைதானேம்மா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. ஒன் வயசுக்கு இதுதான் கடைசி."

ஒரு வார்த்தைதான். உலகம்மை படிவத்தைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள். முன்னால் எண் ஏறிய மற்றவர்களும் இந்தப் பேனாவால் எழுதியிருப்பார்கள், நாளை வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கட்டுப் பிரிப்பார்கள். பையன்களின் முறுக்கும் நூல் விட்ட தயிரும் நினைவுக்கு வந்தன. இவ்வளவு நாளில் முதல்முறையாகத் தன் அருவருப்பை அவள் அடக்க நினைக்கவில்லை.

நெற்றிப் பட்டையைப் பிய்த்துப் படிவத்தின் மேல் வைத்தாள். சுவரில் மிச்சமிருந்த மூன்று எண்கள் அசையவில்லை. இரண்டு, ஒன்று, இரண்டு.

அவள் தேர்வாளர்கள் பக்கம் திரும்பவில்லை. கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு, முதியவரின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"ஐயா, ஒங்க புண்ணு பிடிவாதம் ஒண்ணும் பிடிக்கல. அது நல்லா ஆறுது. ஆறுன சதையத்தான் இவங்க தெனமும் காலைல பிளேடு வச்சு அறுத்து எடுக்காவ."