ஒன்பதாவது இறகு

ஆடிக் காற்றில் கோட்டாறு கம்போளத்துக் கடைப் பலகைகள் எல்லாம் தடதடத்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நஜ்முதீனின் நாட்டு மருந்துக் கடைக்குப் பின்வாசல் வழியாகத் தாணம்மாள் வந்து நின்றாள். பதினான்கு வயது. தறிக்கு நூல் சுற்றிச் சுற்றி அவள் விரல்களில் மெல்லிய கீறல்கள் விழுந்திருந்தன.

"சாயிபு மாமா, கிளிக்குக் கால் வீங்கினா என்ன மருந்து?"

நஜ்முதீன் திப்பிலி நிறுத்துக்கொண்டிருந்தார். தராசு முள் அசையாமல் நிற்கும்வரை அவர் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

"கிளியைக் கொண்டாந்தியா?"

"இல்ல மாமா. அது மயிலாடியில எனக்க அக்கா வீட்டுல நிக்கிது. எங்கிட்ட இறகுதான் இருக்கு. இறகைப் பாத்து மருந்து சொல்ல முடியுமா?"

உள்ளறையில் கொத்தமல்லி புடைத்துக்கொண்டிருந்த நூர்ஜஹான் பேகத்தின் முறம் நின்றது. மாடு காணாமல் போனாலும் பத்திரம் களவு போனாலும் போலீசுக்குப் போகும் முன் அவளுடைய கணவர் நஜ்முதீனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிற வழக்கம் அந்த ஊரில் இருந்தது. அவர் கடையை விட்டு இறங்கமாட்டார். பார்ப்பார், முகர்வார், இரண்டு கேள்வி கேட்பார். அக்கம்பக்கம் விசாரிப்பதும், அவருக்கு முன்னால் குற்றவாளியின் பெயரைச் சொல்லிவிடுவதும் நூர்ஜஹானின் வேலை. அவள் சொன்ன பெயர் இதுவரை ஒருமுறைதான் சரியாக இருந்தது.

"இறகைப் பாத்து மருந்தா? உள்ள வா மக்கா, உக்காந்து சொல்லு" என்றாள்.

தாணம்மாள் சொன்னாள். வைகாசியில் அம்மா செத்துப்போனாள். அக்கா பகவதி அம்மாவின் சாமான்களை மயிலாடியில் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். தாணம்மாளைக் கோட்டாற்றில் ஒரு சொந்தக்காரி வீட்டில், தறிக்கு நூல் சுற்றும் வேலைக்கு விட்டார்கள். சொக்கியைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. பட்ட பனையின் பொந்திலிருந்து எடுத்து அம்மா கையில் வளர்ந்த கிளி அது. நூல் கிடக்கும் வீட்டில் கிளியை வைக்க விடமாட்டார்கள். அத்தான் பொன்னுலிங்கம் கல்தச்சர். சும்மா தீனி போட முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். அப்போது அக்காதான் தனியே அழைத்து, வாரம் இரண்டு சக்கரம் காசு கொடுத்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

அந்த இரண்டு சக்கரத்துக்காக அவள் நூல் சுற்றியது போக மத்தியானம் புளி உடைத்தாள். விடியற்காலையில் வேப்பங்கொட்டை பொறுக்கி எண்ணெய்ச் செக்குக்குக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைகளில் இதே கடையில் கடுக்காய் கொட்டை நீக்கினாள். கூலியை எதற்குச் சேர்க்கிறாய் என்று நூர்ஜஹான் ஒருநாள் கேட்டபோது, "ஒரு சீவனுக்கு" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

அக்காவுக்கும் தங்கைக்கும் எழுத்துத் தெரியாது. அதனால் ஓர் ஏற்பாடு. மயிலாடியிலிருந்து அம்மியும் ஆட்டுரலும் ஏற்றி வருகிற வண்டிக்காரர் செல்வதாஸ் செவ்வாய்க்கிழமைதோறும் பணத்தை வாங்கிப் போவார். மறுவாரம் அக்காவிடமிருந்து சொக்கி உதிர்த்த ஓர் இறகு வரும். இறகு வந்தால் சொக்கி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

"எட்டு வாரம், எட்டு இறகு. போன செவ்வாய் இறகோட சொல்லியும் விட்டா. கால் வீங்கிப் போச்சாம். வைத்தியன் நிறைய கேக்கானாம். அம்மாவுக்க மூக்குத்தியைக் குடுத்துவிடுன்னு."

அவள் கழுத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினாள். அதில் துணியில் முடிந்த சிவப்புக்கல் மூக்குத்தி. அம்மா அவளுக்கென்று கழற்றிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

பிறகு இறகுப் பொட்டலத்தை அவிழ்த்தாள். நீளமான பச்சை இறகுகள், ஒன்றில்கூடப் பிசிறு இல்லை. "மணத்திப் பாருங்க மாமி. அம்மா வாசம். அம்மா கையில வளந்ததுல்லா. நான் தலைமாட்டுல வச்சுத்தான் படுப்பேன்."

நூர்ஜஹான் முகர்ந்தாள். காய்ந்த தாழம்பூவின் மணம். முதலில் வந்ததில் லேசாக, கடைசியாக வந்ததில் நன்றாகவே. அவளுக்குத் தன் உம்மாவின் ஞாபகம் வந்து கண் கரித்தது.

நஜ்முதீன் எட்டையும் வெள்ளைத் துணியில் வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொன்றையும் துணியில் தட்டினார். துணி வெள்ளையாகவே இருந்தது.

"கூண்டு எங்க தொங்குது?"

"அத்தான் கல் கொத்துற கொட்டகையில. அங்கன எல்லாத்துலயும் கல்பொடிதான் மாமா. சோத்துலகூட நறநறக்கும். கூண்டை நான்தான் அங்கன தொங்கவிட்டுட்டு வந்தேன்."

"சிறகு வெட்டினதா?"

"ஆமா. பறந்திரும்னு வலச் சிறகை மட்டும் நானும் அக்காவுமா வெட்டினோம். நான் புடிச்சுக்கிட்டேன், அவ கத்தரிச்சா. நான் கெளம்பினதுக்கு முந்தின நாள்."

"அம்மா தாழம்பூ வைப்பாளோ?"

"தலையில வைக்கமாட்டா. சீலைப் பெட்டியில போட்டு வைப்பா. பெட்டி இப்ப அக்காகிட்ட இருக்கு. அவ அத்தானைக்கூடத் தொட விடமாட்டா. சாவி எப்பவும் இடுப்புலதான்."

"மூக்குத்தியை இப்பக் குடுக்காதே மக்கா" என்றார் நஜ்முதீன். "மருந்து சொல்லணும்னா வெட்டின சிறகுலேர்ந்து உதிர்ந்த இறகு ஒண்ணு வேணும். அதை உனக்க அக்காவே கொண்டுவரட்டும்."

அவள் போனதும் நூர்ஜஹான் முறத்தைத் தள்ளிவைத்தாள். "எனக்குத் தெரிஞ்சுபோச்சு. செல்வதாஸ்தான். ரெண்டு சக்கரத்தை மடியில போட்டுக்கிட்டு, எவன்கிட்டயாவது இறகு வாங்கிக் குடுக்கான்."

"சரி."

"சரின்னா?"

"சொல்லி முடிச்சாச்சா, இன்னும் ஆள் இருக்கான்னு கேட்டேன்."

செவ்வாய்க்கிழமை வண்டி வந்தபோது அவளே கதவுக்குப் பின்னால் நின்று செல்வதாஸை விசாரித்தாள். செல்வதாஸ் புகையிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"கிளியைப் பாத்தியளா?"

"எங்க பாக்க? பகவதி ரோட்டுக்கே வந்து நிப்பா. பணத்தை வாங்குவா, இலைப் பொதியைக் கையில தருவா. அதுக்க முடிச்சைக்கூட நான் அவுத்தது கெடையாது. ஏன், என்னைச் சந்தேகப்படுறியளா? இந்த ரெண்டு சக்கரத்துல நான் மாளிகை கட்டப்போறேனா?"

அவருடைய விரல்களில் புகையிலை நெடி அடித்தது. இறகுகளில் அந்த நெடி இல்லை. நூர்ஜஹானுக்கு அது உறைத்தது. உறைத்ததும் செல்வதாஸ்மேல் இன்னும் கொஞ்சம் கோபம்தான் வந்தது. ஓர் அந்நியன் திருடியிருந்தால் எவ்வளவு சௌகரியம். அவனைத் திட்டிவிட்டு அந்தப் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்து அனுப்பலாம்.

அந்தச் செவ்வாய் இறகு வரவில்லை, மூக்குத்தி எங்கே என்ற கேள்விதான் வந்திருந்தது; வெட்டின சிறகின் இறகோடு அக்காவே வரட்டும் என்று செல்வதாஸிடம் சொல்லி அனுப்பினார்கள். அந்த வாரம் முழுக்க நூர்ஜஹான் கணவரிடம் எதையும் கேட்கவில்லை. வழக்கமாக அவரைத் துளைத்தெடுப்பவள், இப்போது விடை தெரிந்துவிடுமோ என்று பயந்தாள். வெள்ளிக்கிழமை கடுக்காய் உடைத்துக்கொண்டே தாணம்மாள், சொக்கி 'தாணு' என்று கூப்பிடும் என்றும், 'ம்மா' என்பதை மட்டும் சரியாகச் சொல்லாது என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சொல்லாம விட்டா என்ன?" என்று அவள் போனபின் நூர்ஜஹான் கேட்டாள். "அவ பாட்டுக்கு இறகை வச்சுக்கிட்டுத் தூங்கட்டுமே."

"செவ்வாய்க்கிழமை மூக்குத்தி போயிருமே நூரு. அதுக்கப்புறம் வேற என்னத்தைக் கேப்பாவ?"

அடுத்த செவ்வாய்க்கிழமை பகவதி வந்தாள். செல்வதாஸின் வண்டியில் ஆட்டுரல்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்திருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும், வயிற்றில் ஆறு மாதம். வந்ததும் தங்கையின் தலையைத் தடவி, "மெலிஞ்சு போனியே ஏட்டி" என்றாள். அந்தக் குரலில் பொய் இல்லை. அதுதான் நூர்ஜஹானை அதிகம் கலங்கடித்தது.

நஜ்முதீன் எல்லோரையும் உள்ளறையில் உட்காரச் சொன்னார். செல்வதாஸ் வாசற்படியில் நின்றார்.

"இறகு கொண்டாந்தியா மக்கா?"

பகவதி இடுப்பிலிருந்து இலைப் பொதியை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே ஒரே ஓர் இறகு. நுனி நேராக வெட்டப்பட்டிருந்தது. தாணம்மாளின் முகம் மலர்ந்தது. "சொக்கிக்கதுதான் மாமா. வெட்டினது, பாருங்க."

நஜ்முதீன் அதை வாங்கி, முன்பே பரப்பி வைத்திருந்த எட்டின் பக்கத்தில் வைத்தார். பிறகு எண்ணெய் தடவுவதற்காகக் கடையில் வைத்திருந்த கோழி இறகுகளில் இரண்டை எடுத்தார்.

"கோழி இறகால மருந்து தடவியே எனக்கு முப்பது வருசம் போச்சு" என்றார் மெதுவாக. "இது கோழிக்கு வலச் சிறகுல உள்ளது. இது இடச் சிறகுல உள்ளது. மேல்புறம் தெரியுற மாதிரி வச்சா ஒண்ணு இப்படி வளையும், ஒண்ணு அப்படி வளையும். நம்ம ரெண்டு கையும்போல. இனி கிளி இறகைப் பாருங்க. பச்சை மேலே இருக்கு. எட்டும் எந்தப் பக்கம் வளையுது?"

நூர்ஜஹான் குனிந்து பார்த்தாள். எட்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. இடச் சிறகின் கோழி இறகு சாய்ந்திருந்த பக்கம்.

"உயிரோட இருக்கிற பறவை ரெண்டு சிறகுலயும்தான் இறகு உதிர்க்கும். எட்டு வாரத்துல வலச் சிறகுலேர்ந்து, வெட்டின இறகு ஒண்ணாவது வந்திருக்கணும். வரல்ல. அதான் கேட்டேன். இப்ப வந்திருக்கு." அவர் ஒன்பதாவது இறகின் மேல் விரலை வைத்தார். "இதுவும் இடப்பக்கத்து இறகுதான். இடச் சிறகை நீங்க வெட்டவே இல்லியே. நுனியை இப்ப யாரு வெட்டினா?"

வெளியே மாட்டின் சலங்கை மட்டும் கேட்டது.

"கொட்டகையில ரெண்டு மாசம் தொங்குற கிளிக்கு இறகெல்லாம் கல்பொடி இருக்கும். தட்டிப் பாத்தேன், ஒரு பொட்டு இல்ல. பொன்னுலிங்கம் கை பட்டிருந்தாலும் பொடி இருக்கும். செல்வதாஸ் கை பட்டிருந்தா புகையிலை நெடி இருக்கும். இதுல இருக்கிறது தாழம்பூ வாசம். முதல்ல வந்ததைவிடக் கடைசியில வந்ததுல கூடுதல். பறவைக்கு அந்த வாசம் கெடையாது. எல்லா இறகையும் ஒரே நாள்ல எடுத்து ஒரு பெட்டியில வச்சு, வாரம் ஒண்ணா எடுத்தா அப்படித்தான் இருக்கும். கடைசி இறகுதான் பெட்டியில அதிக நாள் கெடந்தது. அந்தப் பெட்டிக்குச் சாவி ஒண்ணுதான்."

தாணம்மாள் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய இடுப்பைப் பார்த்தாள். சாவி அங்கே தொங்கியது.

"என்னைக்கு அக்கா?"

பகவதி சீலையை வாயில் பொத்திக்கொண்டாள். "நீ போன நாலாம் நாள். கூண்டைத் தொறந்து தண்ணி வச்சேன். பூனை... சொன்னா நீ தாங்கமாட்டேன்னு நினைச்சேன். அம்மா போயி பத்து நாள்கூட ஆகல்ல. முதல் இறகை அதுக்குத்தான் அனுப்பினேன். சாமி சத்தியமா."

"ரெண்டாவதை?"

பகவதியின் குரல் மாறியது. "மழையில அவருக்குக் கல் வேலை கொறஞ்சு போச்சு. அந்த ரெண்டு சக்கரம் அரிசிக்கு ஆச்சு. உங்கிட்ட எனக்குன்னு கேட்டா நீ குடுத்திருப்பியா? சிறகை வெட்டாம இருந்தா அது பறந்து தப்பியிருக்கும். பறக்கக்கூடாதுன்னு நீதானே புடிச்சுக்கிட்டே."

"பகவதி" என்றார் நஜ்முதீன். அவர் குரலை உயர்த்தவில்லை. அவள் நிறுத்திவிட்டாள்.

தாணம்மாள் தன் விரல்களைப் பார்த்தாள். "கத்தரிச்சது நீதானக்கா" என்றாள். அதில் கோபம்கூட இல்லை. "உனக்குன்னு கேட்டிருந்தா நாலு சக்கரம் தந்திருப்பேன்."

ஒவ்வொரு புதிருக்கும் விடை கிடைக்கும்போது நூர்ஜஹானுக்குள் எழுகிற அந்தச் சின்னச் சந்தோஷம் இன்று எழவில்லை. எழாததற்காக அவள் நன்றியோடு இருந்தாள்.

"எங்க புதைச்சே?" என்று தாணம்மாள் கேட்டாள்.

"குளத்தங்கரையில. பூவரச மரத்து மூட்டுல."

தாணம்மாள் கழுத்திலிருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். அக்கா எழுந்து பக்கத்தில் வந்தபோது அவள் நகரவில்லை, சாயவும் இல்லை. பகவதியின் கை அவள் தோள் வரை வந்து அங்கேயே நின்றது. செல்வதாஸ், "நேரமாச்சு தாயி" என்றார். வண்டி திரும்பும்போது காலியாகத்தான் இருக்கும். ஆனாலும் பகவதி, ஆட்டுரல்களுக்கு நடுவில் வந்ததுபோலவே ஒடுங்கி உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை தாணம்மாள் வருவாளா என்று நூர்ஜஹான் சந்தேகப்பட்டாள். வந்தாள். கடுக்காயை உடைக்க உட்காரும் முன் பொட்டலத்தை அவிழ்த்து, பின்முற்றத்தில் வெயில் விழுகிற இடத்தில் ஒன்பது இறகுகளையும் பரப்பினாள். காற்று கொண்டுபோகாமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கடுக்காய்க் கொட்டையை வைத்தாள்.

"இறகைக் காயவைக்கணுமா மக்கா? அது நனையல்லியே" என்றாள் நூர்ஜஹான்.

"வாசம் போகட்டும் மாமி" என்றாள் தாணம்மாள்.