பிரியாத எட்டுப் பக்கங்கள்

"ஏனுங்க, எனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு நாளைக்கு எங்க ஊட்டுக்காரரு சேலத்து டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறாருங்க. அதுக்குள்ள எனக்கு உண்மை தெரியோணும்."

ஏற்காடு ஏரிச் சாலையில் பேக்கரி மாடியிலிருந்த துப்பறியும் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் இளவரசி சொன்னது இதுதான். மழைக்கு முந்தானையில் பொத்தி ஒரு தடித்த நாவலைக் கொண்டுவந்திருந்தாள்.

போலீஸ் வேலையை உதறிவிட்டு இந்த அலுவலகத்தைத் தொடங்கிய ஞானசுந்தரி, நாற்காலியைக் காட்டினார். அவருடைய ஜீப்பை ஓட்டுபவரும் உதவியாளருமான யுவராஜ் அதற்குள் கதவருகே வந்து காதைத் தீட்டிக்கொண்டார்.

ஏற்காட்டை அடுத்த கொட்டச்சேட்டில் இளவரசிக்கு அப்பா விட்டுப்போன காப்பித் தோட்டமும் வீடும் இருந்தன. அவற்றை ஒரு விடுதிக்காரருக்கு விற்கும்படி கணவன் ஜெயபிரகாஷ் நச்சரித்தான். அவள் மறுத்தாள். பிறகுதான் விநோதங்கள் தொடங்கின. சாவி அரிசிப் பானைக்குள் கிடந்தது. அணைத்த அடுப்பு மறுபடி எரிந்தது. நேற்று, குளிக்கும்போது கழற்றி வைத்த தாலிக்கொடி உப்பு ஜாடிக்குள் இருந்தது.

"இந்தக் கதையிலயும் புருசனோட ஒத்துப்போகாத ஒருத்தி, தான் செஞ்சதையே மறந்துடறாளுங்க. சாவி, அடுப்பு ரெண்டும் இதுல வருது. படிச்சுப் படிச்சு நானும் அவளாட்டம் ஆயிட்டேன்னு சொல்றாரு. கல்யாண நாளுக்கு அவரே வாங்கிக் கொடுத்த புத்தகமுங்க."

"முழுசாப் படிச்சாச்சா?"

"பாதிதானுங்க. நடுவுல பக்கமெல்லாம் பிரியாம இருந்துச்சு, அதோட வெச்சுட்டேன்."

ஞானசுந்தரி புரட்டிப் பார்த்தார். அச்சகத்தில் வெட்டத் தவறிய எட்டுப் பக்கங்கள் மேல்விளிம்பிலும் பக்கவாட்டிலும் மூடிக்கிடந்தன.

"வீட்டு வேலைக்கு வர்ற அம்மா யாராச்சும் செஞ்சிருப்பாங்களோ?" என்றார் யுவராஜ் ஆவலாக.

"காளியாயி நேத்து சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்துச்சுங்க. ஊட்டுல நாங்க ரெண்டு பேருதான்."

ஞானசுந்தரி எழுந்து குடையை எடுத்தார்.

கொட்டச்சேட்டு வீட்டில் ஜெயபிரகாஷ் சிரித்த முகத்தோடு வரவேற்றான். "பாவமுங்க இவ. கண்டதையும் படிச்சு இப்படி ஆயிட்டா."

"நீங்க படிச்சீங்களா இதை?"

"எனக்கு எங்கீங்க நேரம்? கதைப் புத்தகம் தொட்டே வருசக்கணக்காச்சு."

"தாலி விசயத்துல இவங்க ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு நினைக்கறீங்க?"

"அந்தக் கதைக்காரியும் தாலியை உப்புக்குள்ளதானே போடறா? அதே மாதிரி இவளும் பண்ணிட்டா."

ஞானசுந்தரி மேசைமேல் நாவலை விரித்து, பழம் நறுக்கும் கத்தியால் மூடிக்கிடந்த தாள்களைப் பிரித்தார். உள்ளே கண்ணை ஓட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "யுவராஜ், சத்தமா வாசிங்க."

யுவராஜ் வாசித்தார். கதாநாயகி உப்பு ஜாடிக்குள் கையை விடுகிறாள், தாலி அகப்படுகிறது.

ஞானசுந்தரி கத்தியை வைத்துவிட்டு ஜெயபிரகாஷ் பக்கம் திரும்பினார்.

"இந்தக் காட்சி இதுவரைக்கும் யார் கண்ணுக்கும் படாம மூடியிருந்துச்சு. இளவரசி இதைப் பார்த்துச் செஞ்சிருக்க முடியாது. புத்தகமே தொடலைங்கற உங்களுக்கு இது எப்படித் தெரியும்? வேற பிரதியில முன்னாடியே படிச்சுட்டு, அதன்படி ஒவ்வொண்ணா நடத்தியிருக்கீங்க. பழி கதை மேல விழட்டும்னு இதை இவங்களுக்குப் பரிசாக் கொடுத்தீங்க. இவங்களுக்குப் புத்தி சரியில்லைன்னு டாக்டர் சொல்லிட்டா, தோட்டம் உங்க கைக்கு வந்துடும்னு கணக்கு."

"சும்மா வெளையாட்டுக்குத்தான்..." என்றான் ஜெயபிரகாஷ். அவன் இளவரசியைப் பார்க்கவில்லை.

அவள்தான் அவனை நேராகப் பார்த்தாள். இரவெல்லாம் தன் கைகளையே நம்பாமல் உட்கார்ந்திருந்தவள், இப்போது எழுந்து நின்றாள்.

"எம் புத்தியை நானே சந்தேகப்படற அளவுக்குக் கொண்டாந்தீங்களே, அதுவா வெளையாட்டு? இது எங்கப்பன் கட்டுன ஊடு. ஒரு காப்பிச் செடிகூட உங்களுக்குக் கெடையாது. வெளியே போங்க."

"இந்த மழையிலயா?"

அவள் உள்ளே போனாள். அவனுடைய பெட்டியை இழுத்துவந்து வாசலில் வைத்தாள். பிறகு யுவராஜ் பக்கம் திரும்பினாள்.

"யுவராஜ் அண்ணா, இவரை ஜீப்புல அடிவாரத்துல எறக்கி உடுங்க. அங்கிருந்து பஸ் நெறைய இருக்குது."