ரத்தத்தின் மேல் ஒரு திருத்தம்

காளான் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் தரையில் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ஒரு பட்ட மரக்கட்டை. அதில் ரத்தம்... ரத்தத்துக்கு நடுவே நகத்தளவு வெள்ளைக் காளான்கள்.

இன்ஸ்பெக்டருக்குப் பிணம் பழகிப்போன சமாச்சாரம். இன்றைய தலைவலி வேறு. பிணத்தை முதலில் பார்த்தவன் அங்கே பெருக்கித் துடைக்கும் அவருடைய சொந்த மச்சினன். சட்டையெல்லாம் ரத்தம். உயிர் இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தானாம்.

செல்போன் அலறியது. மனைவி!

"என் தம்பி எட்டாவதுகூடத் தாண்டாதவன். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்க மாட்டான். அவனைப் பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா..."

மிச்சத்தைச் சொல்லாமலே வைத்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேஜையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

காளான் போட்ட ஒரு காகித உறை. அதன்மேல் 'புது இனம்' என்று எழுதி, இயக்குநர் தன் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தார். யாரோ அதை அடித்துவிட்டு 'பிளவுக் காளான்' என்று திருத்தியிருந்தார்கள். திருத்திய மை, தெறித்த ரத்தத்தின் மேல் ஓடியிருந்தது.

அதாவது... கொலைக்குப் பிறகு!

ஆளைப் போட்டுத் தள்ளிவிட்டு நின்று நிதானமாகப் பெயரைத் திருத்துகிறவன், மெத்தப் படித்தவனாகத்தான் இருக்க வேண்டும். மச்சினன் தப்பினான். இயக்குநர் நாற்காலிமேல் கண் வைத்திருந்த துணை இயக்குநர் மாட்டினார்.

அவரிடம் உறையை நீட்டி, எந்தப் பெயர் சரி என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

துணை இயக்குநர் லென்ஸ் வழியாகப் பத்து நிமிடம் பார்த்தார்.

"புது இனம்தான் சார். திருத்தினவனுக்கு ஒண்ணும் தெரியல."

மூலையில் நின்ற மச்சினன் 'ப்ச்' கொட்டினான்.

"அடியில மடிப்பைப் பாருங்க சார். நடுவுல ரெண்டா பிளந்து சுருண்டிருக்கா? ஒரு சொட்டு தண்ணி விடுங்க, விரிஞ்சுக்கும். பட்ட மரம் எங்க கிடந்தாலும் முளைக்கிற காளான். இதைப் போய்ப் புதுசுன்னா..."

தண்ணீர் விட்டார்கள். விரிந்தது.

இன்ஸ்பெக்டர் மச்சினன் பக்கம் திரும்பினார்.

"டேய்... இதெல்லாம் உனக்கு எப்படிடா தெரியும்?"

இருபது வருஷமாக லென்ஸைத் துடைத்து வைக்கும்போதெல்லாம் தானும் குனிந்து ஒரு பார்வை பார்த்ததாகச் சொன்னான். பெயர் தப்பு என்று இன்று காலை இயக்குநரிடம் பணிவாகத்தான் சொல்லியிருக்கிறான். துடைப்பம் பிடிக்கிறவனுக்கு வாய் எதற்கு என்று அவர் அறைந்திருக்கிறார்.

"கோபத்துல கட்டையை எடுத்துட்டேன் மாமா."

"அப்படியே ஓடித் தொலைய வேண்டியதுதானே? பேனாவை ஏண்டா எடுத்த?"

"தப்பான பேரை எப்படி மாமா அப்படியே விட்டுட்டுப் போறது?"

இன்ஸ்பெக்டருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்.

"லாக்கப்ல ரெண்டு பேருக்கு இடம் பண்ணுய்யா."

"அக்யூஸ்ட் ஒருத்தர்தானே சார்?"

"அடுத்த பிணம் நானா இருக்கக் கூடாதுல்ல?"