தாளைப் பார்க்காமல்

எத்தாளை என்ற ஊரில் எடுத்த வாடகை வீட்டின் சாவியை ஜெயந்தன் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வாங்கினான். சிலாபத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தான். நில அளவைக் கந்தோரில் படவரைஞன் வேலை. ஓட்டுக்கூரை, இரண்டு அறை, குசினி, முன்னால் சீமெந்து விறாந்தை. வீட்டுக்காரி ஜெமீலா அடுத்த வளவிலேயே இருந்தாள். பழைய வீடுதான், ஆனால் அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முதலில் அவன்தான் அங்கே வந்தான். மற்றது பிறகு, அவனோடு வந்து சேர்ந்தது.

பதினாறு வருடம் கணினியில் கோடு இழுத்து இழுத்து அவன் கை பென்சிலை மறந்துவிட்டிருந்தது. தனியாகக் கிடக்கும் பொழுதுகளுக்கு ஒரு பழக்கம் வேண்டும் என்று பட்டது. ஃபோனில் ஒரு பயிற்சியைக் கண்டான். தினமும் ஒரு படம். கண்ணில் படுகிற சாதாரணப் பொருள் எதுவானாலும் சரி. கண் பொருளின் விளிம்பிலேயே ஊர வேண்டும். பென்சில் தாளை விட்டு எழும்பக் கூடாது. முடியும்வரை தாளைப் பார்க்கவே கூடாது. தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் மூலையில் குறிக்க வேண்டும்.

முதல் கிழமை தேத்தண்ணிக் கேத்தல், ரப்பர் செருப்பு, பாதி வெட்டிய பாண். எல்லாம் கோணல். மூன்றாம் கிழமை ஜெமீலாவின் ஆட்டை வரைந்து, அவளிடமே கொண்டுபோய்க் காட்டினான்.

"இது என்ட ஆடா, தம்பி? கதிரைக்குக் கொம்பு முளைச்ச மாதிரி ஈக்கி," என்றாள்.

ஆனால் பழக்கம் பிடித்துக்கொண்டது. மார்ச் கடைசியில் மனிதர்களுக்கு வந்தான். மனிதர்கள் ஆடு மாதிரியே, நிற்க மாட்டார்கள். மீன் வெட்டுகிறவர் பாதியில் திரும்புவார், பஸ்ஸுக்கு நிற்கிறவள் பஸ்ஸில் ஏறிவிடுவாள். நித்திரை கொள்கிறவர்களே நல்லது என்று சீக்கிரம் கண்டுகொண்டான். வலைக்குப் பக்கத்தில் தூங்கும் கிழவர், வானுக்குள் வாயைத் திறந்தபடி சாய்ந்திருக்கும் சாரதி. அவர்களின் அசையாமையை அவன் ஒரு நன்கொடை போல வாங்கிக்கொண்டான்.

ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் ஆலங்குடாக் கடற்கரைக்குப் போனான். கவிழ்த்து வைத்த ஒரு வள்ளத்தின் நிழலில் ஒருவன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கடலட்டை பிடிக்க ஆழத்துக்குப் போகிற சுழியோடி. கறுப்பு ரப்பர் உடுப்பை இடுப்புவரை உருட்டி விட்டிருந்தான். கூட வந்தவர்கள் பிடித்ததைத் தூக்கிக்கொண்டு வாடிக் கொட்டில் பக்கம் போய்விட்டிருந்தார்கள். பாதி திறந்த கண்கள் ஜெயந்தனைப் பார்த்தன. வரையட்டுமா என்பது போல அவன் பென்சிலைத் தூக்கிக் காட்டினான். சுழியோடி வேண்டாம் என்று சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் மணலில் கிடந்த கையின் சுட்டுவிரல் மட்டும் எழும்பியது.

"கொஞ்சம் ஆடாம இருங்க. முடியப் போகுது," என்றான் ஜெயந்தன்.

விரல் தாழ்ந்தது. பிறகு அந்த ஆள் அசையவே இல்லை.

முடித்துவிட்டுத் தாளைப் பார்த்தபோது அவனுக்கே நம்ப முடியவில்லை. தோளின் பாரம், கழுத்தின் சாய்வு, மணலில் பதிந்த குதிகால், எல்லாம் அப்படியே வந்திருந்தன. மூலையில் 9.40 – 10.15 என்று எழுதினான். நன்றி சொன்னான். பதில் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவர்களும் உண்டு என்று நினைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

அன்று பின்னேரம் ஜெமீலா வீங்கிய முகத்தோடு வந்து சொன்னாள். அவளுடைய அண்ணன் மகள் ஸும்றாவின் புருஷன் ஸுஹைப் மௌத்தாகிவிட்டான். காலையில் ஆலங்குடாவில் கடலட்டைக்குப் போனவன், ஆழத்திலிருந்து அவசரமாக ஏறியிருக்கிறான். இரத்தத்துக்குள் காற்றுக் குமிழிட்டுவிட்டதாம். முதலில் கை கால் விழும், பிறகு நாக்கு விழும், ஆனால் எல்லாம் விளங்கிக்கொண்டேயிருக்குமாம். களைப்பாறுகிறான் என்றுதான் கூட்டாளிகள் நினைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகும்போது பாலாவி தாண்டியதும் மூச்சு நின்றது. அரை மணித்தியாலம் முந்தியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம்.

"நான் அந்தப் பக்கம் போகல்ல, ராத்தா," என்றான் ஜெயந்தன்.

அவனை ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

அவள் போனதும் படத்தில் நேரம் எழுதிய மூலையைக் கத்தரித்துக் காஸ் அடுப்பில் எரித்தான். படத்தைக் கிழிக்கக் கை வரவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அந்த நினைப்பு வந்ததற்காகவே அவன் பிறகு தன்னை வெறுத்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று, குசினி மேசையில் கேத்தலை வைத்து வரைய உட்கார்ந்தான். வெயில் சன்னலால் தாராளமாக விழுந்தது. வெளியே ஆடு கத்தியது. கண்ணைக் கேத்தலின் விளிம்பில் வைத்தான்.

ரப்பர் மணத்தது. உப்பில் ஊறி வெயிலில் காய்ந்த ரப்பர்.

முடித்துத் தாளைப் பார்த்தான். கேத்தல் சரியாகத்தான் இருந்தது. அதன் கைபிடி இருக்க வேண்டிய இடத்தில் மடங்கிய நாலு விரல்கள் இருந்தன.

மூலையில் அவன் எழுதாத எழுத்து, அவனுடைய கையெழுத்திலேயே: 9.40 – 10.15.

செவ்வாய்க்கிழமை விறாந்தையில் இருந்த வெறும் கதிரையை வரைந்தான். வெறும் கதிரை என்று தனக்கே இரண்டுதரம் சொல்லிக்கொண்டு வரைந்தான். தாளில் கதிரையின் பின்னல் பாரத்தில் தொய்ந்திருந்தது. கீழே, நாலு கால்களுக்கும் நடுவில், இரண்டு குதிகால்கள்.

அன்றிலிருந்து மூச்சு கேட்கத் தொடங்கியது. குழாய் வழியாக மெதுவாக இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, நீருக்குள் விடுவது போலக் கொப்புளிக்கும் மூச்சு. குசினியில் நின்றால் அறைக்குள் கேட்கும். அறைக்குள் போனால் முதுகுக்குப் பின்னால் கேட்கும். அவன் வரையும்போது மட்டும் அது நிற்கும், தன்னை வரைகிறார்கள் என்று தெரிந்தவன் மூச்சை அடக்குவது போல. அதனால் அவன் தினமும் வரைந்தான். கொப்பியில் பொருட்கள் குறைந்து குறைந்து, சுழியோடி கூடிக்கூடி வந்தான்.

இரண்டு கிழமை கழித்து ஜெமீலா ஒரு செய்தி கொண்டுவந்தாள். படம் வரைகிற கந்தோர்க்காரரை அன்று கரையில் கண்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஸும்றா ஒரு விஷயம் கேட்க வேண்டுமாம். போகவில்லை என்றீர்களே என்று ஜெமீலா கேட்கவில்லை. அது கேட்பதைவிட மோசமாக இருந்தது.

ஸும்றா இத்தாவில் இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதனால் ஆலங்குடாவில் அவள் வீட்டு விறாந்தையில் அவனை ஒரு கதிரையில் இருத்தினார்கள். வாசலில் பச்சைத் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் ஒரு இளம் குரல்.

அவளுக்குப் படம் வேண்டாமாம். வீட்டில் உருவம் மாட்டுவதில்லை. ஒன்று மட்டும் தெரிய வேண்டும்.

"அண்டைக்குத் தோள் நோகுதுண்டு படுத்திருந்தாரு. கச்சான் காத்துத் தொடங்கினா கடலுக்குப் போக ஏலாதேண்டு நான்தான் எழுப்பி அனுப்பினேன். நீங்க கண்டீங்களா? அவரு யாரயாச்சும் கூப்பிட்டாரா?"

ஜெயந்தன் தன் கையைப் பார்த்தான். "தூரத்துலதான் கண்டன். நித்திரை மாதிரி இருந்தார்."

திரைக்குப் பின்னால் அவள் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது.

"அப்ப கரைக்கு வரக்குள்ளேயே முடிஞ்சிருக்கு," என்றாள் ஸும்றா. "நான் அனுப்பினதுதான்."

இல்லை என்று சொல்ல அவனுக்கு அப்போது ஒரு சொல் போதும். அவன் கதிரையிலிருந்து எழும்பி, போய்வருகிறேன் என்றான்.

அதற்குப் பிறகு அவள் சோற்றைத் தொடுவதில்லை என்று ஜெமீலா சொன்னாள். நான் கொன்றேன், நான் கொன்றேன் என்று சுவரோடு கதைக்கிறாளாம்.

வீட்டில் மூச்சு சத்தமாகியது. ஒரு காலை வேறு வழியில்லாமல் தன் இடக்கையை மேசையில் வைத்து அதையே வரைந்தான். எழுதுகிறவனின் மெல்லிய கை. கண்ணை ஒவ்வொரு விரலாக நகர்த்தினான். தாளைப் பார்த்தான்.

தடித்த கை. சிப்பி கிழித்த தழும்புகள். நகங்களில் வெடிப்பு.

சுட்டுவிரல் எழும்பியிருந்தது.

அன்று அந்த விரலை அவன் எப்படி விளங்கிக்கொண்டான் என்பது ஞாபகம் வந்தது. பொறுமையிழந்து ஆடுகிறான் என்று. இப்போது, தாளில், அது யாரைப் பார்த்து எழும்பியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது.

அது பொறுமையின்மை இல்லை. அது அவனைக் கூப்பிட்டது.

அவன் கந்தோருக்குப் போகவில்லை. நேராக ஆலங்குடாவுக்குப் போனான். பத்து மணியிருக்கும். காற்று விழுந்துபோய் தென்னோலைகள் அசையாமல் நின்றன. விறாந்தையில் ஒருவரும் இல்லை. பச்சைத் திரை மட்டும். அவன் கூப்பிட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. திரையின் அடிப்பாகம் மெதுவாக உள்ளே போய் வெளியே வந்தது, யாரோ அதற்கு மிக அருகில் நின்று மூச்சு விடுவது போல.

கதிரையில் உட்காராமல் நின்றபடியே சொன்னான். வள்ளத்தின் நிழல், பாதி திறந்த கண்கள், விரல், தான் சொன்ன சொல். எரித்த மூலை. நித்திரை மாதிரி என்று சொன்ன பொய். நீங்கள் அனுப்பியதால் இல்லை, நான் பார்த்துக்கொண்டு நின்றதால் என்றான். சொல்லி முடிக்கும்போது அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"எத்தன நிமிசம்?"

அடித்தொண்டைக் குரல். அழுது அழுது கம்மிப்போயிருக்கிறது என்று நினைத்தான்.

"முப்பத்தஞ்சு."

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வேலிப் படலை திறந்த சத்தம் கேட்டது. ஜெமீலா, கையில் ஒரு பையோடு.

"என்ன தம்பி இங்க? யாரோட கதைக்கிறீங்க?"

"ஸும்றாவோட."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். ஸும்றா விடிய மயங்கி விழுந்துவிட்டாள், கல்பிட்டி ஆஸ்பத்திரிக்கு வானில் கொண்டுபோயிருக்கிறார்கள், சேலைன் ஏற்றி முடிந்து வந்துகொண்டிருக்கிறார்கள், வீடு திறக்கத்தான் நான் வந்தேன் என்றாள். சொல்லிக்கொண்டே திரையை ஒதுக்கினாள்.

கதவு சாத்தியிருந்தது. வெளியே பூட்டுத் தொங்கியது. திரைக்கும் கதவுக்கும் நடுவில் நாலு விரல் இடம்.

ஜெமீலா சாவியை எடுக்கவில்லை. மூக்கைச் சுருக்கினாள். "என்ன இது, ரப்பர் மணம்," என்று முணுமுணுத்துவிட்டு, திரையைப் பழையபடி விட்டு, வானைப் பார்க்கப் படலைக்குப் போனாள்.

ஜெயந்தனுக்கு ஓடலாம் என்று தோன்றியது. கால்கள் அதற்குத் தயாராகவும் இருந்தன. அவன் கதிரையை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தான்.

இழுத்து, நிறுத்தி, கொப்புளித்து விடும் மூச்சு. இப்போது அவன் காதுக்கு ஒரு முழத் தூரத்தில்.

"அவகிட்டயும் சொல்லுவீங்கதானே?" அதே அடித்தொண்டைக் குரல்.

"ஓம்," என்றான்.

ஒழுங்கையின் முனையில் வான் திரும்பியது. ஜெமீலா படலையை அகலத் திறந்து பிடித்தாள். தலையிலிருந்து கால்வரை மூடியபடி, ஒருத்தியின் தோளில் சாய்ந்து, ஸும்றா வானிலிருந்து இறங்கினாள்.

அவள் கால் மண்ணில் பட்டதும், ஓலை ஒன்றும் அசையாத அந்த வெயிலில், பச்சைத் திரை முழுவதுமாக எழும்பி அவள் பக்கம் நீண்டது. அவள் விறாந்தைப் படிக்கு வரும்வரைக்கும் அது கீழே இறங்கவில்லை.