மூலப்பதிவு

தேற்றத்தின் நான்காம் படிக்கு வந்ததும் நெற்றிப்பட்டையின் விளக்கு மறுபடியும் மஞ்சளாகிச் சிவந்தது. நிறைமதி கண்களை மூடிக்கொண்டாள்.

"நாற்பத்தொண்ணும்மா" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த அளவையாளர். "போன தடவையும் இதே இடத்துலதான் விழுந்துச்சு. எண்பது வரலைன்னா இந்த மாசக் கடைசியோட உங்க ஆராய்ச்சிப் பதிவை ரத்து பண்ணிருவாங்க. தெரியும்ல?"

தெரியும். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தக்கூட விடமாட்டார்கள் என்பதும் தெரியும்.

தெளிமானி வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒருவருக்கு ஒன்று புரியும்போது மூளையில் எழும் அலைகளைப் படித்து, நூற்றுக்கு இத்தனை புரிந்தது என்று அது சொல்லிவிடும். வந்த புதிதில் மக்கள் பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். பொதுத்தேர்வும் மனப்பாடமும் வினாத்தாள் கசிவும் டியூஷனும் ஒரே ஆண்டில் ஒழிந்தன. குழந்தை நெற்றியில் பட்டையைக் கட்டிக்கொண்டு பாடம் கேட்கும். விளக்கு பச்சையானால் அடுத்த பாடம். தெளிவெண் அறுபதுக்குக் கீழே போனால் மேலே படிக்காமல், கடைசியாகப் புரிந்த இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். புரியாத ஒரு வரியைக்கூடத் தாண்டாத தலைமுறை என்று அவர்களைப் பாராட்டினார்கள். பிறகு ஆராய்ச்சி இதழ்களும் இந்த வழிக்கு வந்தன. கணினிகள் சரிபார்த்த நிறுவல்கள் எந்த மனிதரும் படித்து முடிக்க முடியாத நீளத்தில் இருந்ததால், அவற்றைக் கைவிட்டு, மூன்று நடுவர்களின் தெளிவெண் தொண்ணூறைத் தாண்டினால் நிறுவல் சரி என்று வைத்துக்கொண்டார்கள்.

நிறைமதி திருச்சியில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணித ஆராய்ச்சி மாணவி. அவளுடைய நெறியாளர் பேராசிரியர் ஹேமலதா. உயர்பரிமாண வடிவங்களைப் பற்றிய ஹேமலதா தேற்றம் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அதைவிடப் பெரிய புகழ் ஒன்றும் அவருக்கு உண்டு. அந்தத் தேற்றத்துக்கு நிறுவல் தேடி அலைந்த மாதங்களில், நண்பர்களின் ஆய்வகத்துக்காக அவர் நெற்றியில் ஒரு சோதனைக் கருவியை மாட்டிக்கொண்டிருந்தார். நான்காம் படி பிடிபட்ட நொடியில் அவர் மூளையில் எழுந்த அலை அப்படியே பதிவானது. அதற்கு மூலப்பதிவு என்று பெயர். நாட்டிலுள்ள எல்லாத் தெளிமானிகளும் குழந்தைகளின் மூளை அலையை அந்த ஒரு பதிவோடுதான் ஒப்பிட்டுப் பார்த்தன.

"உனக்கு என்னதான் தடுக்குது, மதி?" என்று கேட்டார் ஹேமலதா. அவருடைய அறைக்குள் வெயில் மேசைவரை வந்திருந்தது. "இந்தப் படியைப் படிச்சு நாடு முழுக்கத் தொண்ணூறு வாங்குறாங்க."

"வடிவத்தைத் துண்டு துண்டா வெட்டினா ஒவ்வொண்ணுலயும் நீங்க சொல்றது சரி மேடம். திரும்ப ஒட்டும்போதுதான் எனக்கு இடிக்குது. முறுக்கிக்கிட்டா?"

"அப்படி முறுக்காதுன்னு மூணாம் படியிலேயே காட்டியாச்சே."

"ஒரு வழியா சுத்தி வந்தா முறுக்காது. ரெண்டு வழியா ஒரே நேரத்துல சுத்தினா, ஏழாவது பரிமாணத்துல..." அவள் பழைய அறிக்கை ஒன்றின் ஓரத்தை நீளமான இரண்டு கீற்றுகளாகக் கிழித்தாள். அவற்றை ஒன்றோடொன்று பின்னி முறுக்கி, முனைகளைக் குண்டூசியால் இணைத்து அவர் முன்னால் வைத்தாள். "தாள்ல இவ்வளவுதான் காட்ட முடியும். மீதியைக் கணக்கா எழுதிட்டு வந்திருக்கேன். பதினோரு பக்கம்."

ஹேமலதா சிரித்துக்கொண்டேதான் அந்தக் காகித வளையத்தை எடுத்தார். விரலால் அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். ஒரு சுற்று முடிந்து விரல் புறப்பட்ட இடத்துக்குப் பின்பக்கமாக வந்து நின்றது. மறுபடி தடவிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு அந்தப் பக்கங்களைப் படிக்கத் தொடங்கினார். நெற்றியில் பட்டை மாட்டிக்கொள்ளவில்லை. இடையில் இரண்டு முறை எழுந்து போய்க் கரும்பலகையில் ஏதோ எழுதி அழித்தார். கடைசிப் பக்கத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தேற்றம் தப்பு" என்றார்.

நிறைமதி தன் பக்கங்களை ஒன்றுசேர்த்தாள். "சரிபண்ண வழி இருக்கலாம் மேடம்..."

"தேற்றம் போனா போகட்டும். தப்பான தேற்றம் நிறைய பார்த்தாச்சு." ஹேமலதா நாற்காலியில் சாய்ந்தார். "அன்னிக்கு என் மண்டையில பதிவாச்சே, அது என்ன? எனக்குப் புரிஞ்ச நிமிஷம் இல்ல அது. ஏழு மாசமா அரிச்சுக்கிட்டிருந்த சந்தேகம் செத்துப்போன நிமிஷம். அதை வச்சுத்தானே அத்தனை பிள்ளைங்களையும் அளந்துக்கிட்டிருக்கோம்?"

நிறைமதிக்குத் தன் அண்ணன் நினைவு வந்தது. கதிரொளி ஏழாம் வகுப்பில் நின்றுபோனவன். பெரிய வட்டம், சின்ன வட்டம் எதிலும் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் ஏன் ஒரே எண் வருகிறது என்று அவனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்கும்போதெல்லாம் விளக்கு சிவந்தது. இப்போது சரக்கு வண்டி ஓட்டுகிறான். கணக்கு என்றாலே, "நமக்கு மண்டையில ஏறாதுப்பா" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் அவனிடம் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அடுத்த வாரம் இருவரும் சென்னைக்குப் போய்த் தெளிமானிகளைக் கவனிக்கும் தெளிவு வாரியத்தின் தலைவர் பிரகதீஸ்வரனைப் பார்த்தார்கள். அவர் மரியாதையாக உட்காரவைத்து, பொறுமையாகக் கேட்டார். மூன்று நடுவர்களை வரவழைத்தார். மூவரும் முப்பது வயதைத் தாண்டாதவர்கள், தெளிமானியோடு வளர்ந்தவர்கள். பட்டைகளை மாட்டிக்கொண்டு நிறைமதியின் பக்கங்களைப் படிக்கத் தொடங்கினார்கள்.

முதல் நான்கு பக்கங்கள் வரை பச்சை. ஐந்தாம் பக்கத்தில்தான் வடிவம் முறுக்கிக்கொள்ளும். அங்கே மூன்று விளக்குகளும் மஞ்சளாகிச் சிவந்தன. மூவரும் சொல்லிவைத்தாற்போல நான்காம் பக்கத்துக்குத் திரும்பினார்கள். மறுபடி ஐந்து, மறுபடி நான்கு. அவர்களில் ஒரு பெண் மட்டும் ஐந்தாம் பக்கத்தின் அடிவரை போனாள். நிறைமதி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அந்தப் பெண்ணின் உதட்டுக்கு மேல் வியர்த்தது. விளக்கு கடும் சிவப்பானது. அவள் தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

"தலை வலிக்குது சார். இதுல புரியிறதுக்கு ஒண்ணும் இல்ல."

"கொஞ்சம் புரியாமலேயே படிங்கம்மா" என்றார் ஹேமலதா. கெஞ்சுவதுபோல இருந்தது. "ஆறாவது பக்கம் போயிட்டா வெளிச்சமாயிடும்."

அந்தப் பெண் அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "புரியாம எப்படி மேடம் படிக்கிறது?"

ஹேமலதா அவளுடைய பட்டையை வாங்கித் தன் நெற்றியில் மாட்டிக்கொண்டார். பதினோரு பக்கங்களையும் உரக்கப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொன்னார். நிறைமதி அதுவரை அவ்வளவு அழகான ஒரு விளக்கத்தைக் கேட்டதில்லை. திரையில் எண் இருபத்திரண்டில் நின்றது. பிரகதீஸ்வரன் தயங்கிவிட்டு, அவருடைய தேற்றத்தையும் ஒருமுறை படிக்கச் சொன்னார். அதற்குப் பதினாறு வந்தது.

"உங்க தேற்றமே உங்களுக்குப் புரியலைன்னு கருவி சொல்லுது மேடம்" என்றார் அவர். குரலில் ஏளனம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"அது தப்புன்னு எனக்குப் புரிஞ்சிருக்கு. அதனாலதான் இறங்குது. அது அளக்கிறது புரிதலை இல்ல சார்."

பிரகதீஸ்வரன் நடுவர்களை வெளியே அனுப்பினார். "நீங்க சொல்றது சரின்னே வச்சுக்குவோம். வேற மூலப்பதிவு வேணும். யாரைப் பதிவு பண்றது?"

"நிஜமாவே புரிஞ்ச ஒருத்தரை."

"அவங்களுக்குப் புரிஞ்சிருக்குன்னு எதை வச்சு முடிவு பண்றது?"

"பழைய மாதிரி. கேள்வி கேட்டு, பேசிப் பார்த்து, எழுதினதைப் படிச்சுப் பார்த்து..."

"யார் படிப்பா மேடம்? இப்பத்தானே பார்த்தீங்க."

ஹேமலதா பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். ரயிலில் திரும்பும்போது விழுப்புரம்வரை அவர் அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்துக்கொண்டு வந்தார். பிறகு, "உன்னை இதுல இழுத்துவிட்டுட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த மாதமே அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். வயதாகிவிட்டது, தெளிவு மங்கிவிட்டது என்று துறையில் பரிதாபப்பட்டார்கள். தேற்றம் அவர் பெயரிலேயே பாடப்புத்தகத்தில் தொடர்ந்தது. நிறைமதி தன் பக்கங்களை எட்டு இதழ்களுக்கு அனுப்பினாள். எட்டும் ஐந்தாம் பக்கத்திலிருந்து திரும்பி வந்தன. அவளுடைய பதிவை ரத்து செய்வதைத் தள்ளிவைத்து, கடைசி வாய்ப்பாகத் தெளிவுப் பயிற்சி கொடுத்தார்கள். சின்ன அறை, ஒரு நாற்காலி, நெற்றியில் பட்டை. தேற்றத்தைப் படிக்கப் படிக்க, மூளை அலை மூலப்பதிவை நெருங்கினால் காதில் இதமான ஓர் ஒலி கேட்கும்; விலகினால் நின்றுவிடும்.

நான்காம் படிக்கு வரும்போதெல்லாம் ஒலி நின்றது. 'முறுக்கிக்கொண்டால்?' என்று உள்ளே ஒன்று எழுந்து நின்றது. அவள் அதை விடாமல் பிடித்துக்கொண்டாள். அதைக் கைவிட்டால் ஹேமலதாவையும் கைவிட்டதாகிவிடும் என்று நினைத்தாள். கதிரொளியையும்தான். ஆனால் நாள் போகப் போக, பிடித்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. அந்தப் பதினோரு பக்கங்களை இனி யாரும் படிக்கப்போவதில்லை. படிக்கத் தெரிந்த ஒருவரும் திருச்சியில் தன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பிற்பகலில் நான்காம் படிக்கு வந்தாள். வழக்கம்போல அந்தக் கேள்வி எழுந்தது. அன்று அவள் அதைப் பிடிக்கவில்லை. எழுந்தது அப்படியே அடங்கிப்போனது. உடம்பு முழுவதும் லேசானது. காதில் ஒலி பெருகி அறையையே நிறைத்தது. அளவையாளர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்.

"தொண்ணூத்தெட்டு! இந்த எண்ணை நான் பார்த்ததே இல்லம்மா!"

செய்தி சென்னைக்குப் போனது. சொந்தத் தேற்றத்தையே மறுத்த ஒருவரின் பதிவை வைத்துக்கொண்டு சங்கடப்பட்டுக்கொண்டிருந்த வாரியத்துக்கு அது பெரிய நிம்மதி. அதுவரை கிடைத்ததிலேயே தூய்மையான அலை என்று வல்லுநர்கள் சொன்னார்கள். பிரகதீஸ்வரனே தொலைபேசியில் வாழ்த்தினார்.

"சார், எனக்கு அப்போ எதுவும் புரியல" என்றாள் நிறைமதி. "நான் விட்டுட்டேன். அவ்வளவுதான்."

"இந்த அடக்கம்தான் உண்மையான படிப்போட அடையாளம்" என்றார் அவர், மனப்பூர்வமாக.

அன்று மாலை அவள் ஹேமலதாவின் வீட்டு வாசல்வரை போனாள். உள்ளே விளக்கு எரிந்தது. அழைப்புமணியை அழுத்தாமல் திரும்பிவிட்டாள்.

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்த அன்று அவளுடைய அலை புதிய மூலப்பதிவாக எல்லாத் தெளிமானிகளுக்கும் போய்ச்சேர்ந்தது. தொடக்க நாளுக்காக அவளைத் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கு அழைத்திருந்தார்கள். நான்காம் வகுப்பின் பின்வரிசையில் அவளுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். எந்த எண்ணையும் பூச்சியத்தால் வகுக்கக் கூடாது என்று ஆசிரியை சொல்லிக்கொண்டிருந்தார். வகுப்பு முழுவதும் பச்சை விளக்குகள். இரண்டாம் வரிசையில் ஒரு சிறுமி மட்டும் எதையோ கேட்பதற்காகக் கையைப் பாதி தூக்கினாள். அவள் நெற்றியில் விளக்கு மஞ்சளாயிற்று. பக்கத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். சிறுமி கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் விளக்கு பச்சையானது.

"வெரிகுட்" என்றார் ஆசிரியை.